சால்டர் வைப்பதற்கு முன்னால் மூன்று நிமிடம்

2022 சித்திரை மாதம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பிலிருந்து மத்தியானம் போன் வந்தது. "தம்பி, கெணத்துல தண்ணி அடியில போயிருச்சுங்க, ஆனா மோட்டாரு நிக்கவே இல்லைங்க. உங்க பொட்டிய நம்பித்தான நான் டவுனுக்குப் போனேன்." நான் கோயம்புத்தூரிலிருந்து போய்ச் சேர்ந்தபோது மோட்டார் காயில் கருகி வாடை அடித்துக்கொண்டிருந்தது. காயில் கட்டிய செலவு 6,500 ரூபாயை நான்தான் கொடுத்தேன். பணம் போனதைவிட, அந்தப் பெரியவர் என்னைத் திட்டாமல் மோர் கொடுத்து உட்கார வைத்தாரே, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நானும் நண்பர் ஒருவரும் கிணற்று மோட்டாருக்கான சின்னக் கன்ட்ரோல் பெட்டிகள் செய்கிறோம். உள்ளே ஏடிமெகா 328பி என்ற 28 கால் மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சின்னக் கம்ப்யூட்டர்), ஒரு ரிலே, கொஞ்சம் சில்லறைச் சாமான், அவ்வளவுதான். கிணற்றுக்குள் இரண்டு எவர்சில்வர் கம்பிகள் தொங்கும். தண்ணீர் இருந்தால் கம்பிகளுக்கு நடுவே கொஞ்சம் கரண்ட் கடந்து சிப்பின் ஒரு காலை 0 வோல்ட்டுக்கு இறக்கிவிடும், தண்ணீர் வற்றினால் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் அதே காலை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும், அதைப் பார்த்து சிப் மோட்டாரை நிறுத்தும்.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் மாட்டினால் ஒழுங்காக வேலை செய்தது. மூன்று நாள் ஓட விட்டேன், ஒரு குறையும் இல்லை. தோப்பில் இடி கிடி விழுந்து ஏதாவது நடந்திருக்குமோ, கம்பியில் பாசி பிடித்திருக்குமோ என்றெல்லாம் யோசித்துக்கொண்டே அந்தக் கம்பிக் காலில் மல்டிமீட்டரை வைத்தேன். 4.27 வோல்ட். பக்கத்தில் சும்மா இருந்த இன்னொரு காலுக்கு அதே 1 மெகா ஓம் போட்டுப் பார்த்தால் 4.54. மல்டிமீட்டரே 10 மெகா ஓம் பாரம் என்பதால் 5 வோல்ட் முழுசாகக் காட்டாது, 4.5 சொச்சம்தான் வரும், அது சரி. ஆனால் இந்த 0.27 வோல்ட் எங்கே போகிறது?

அப்புறம்தான் மத்தியானம் என்ற வார்த்தை மண்டையில் ஏறியது. மோட்டார் ரூம் தகர ஷீட் போட்டது, பெட்டியும் இரும்பு. வீட்டிலிருந்த ஹேர் டிரையரை எடுத்து சிப் மேல் சூடு காட்டினேன். 4.27 மெதுவாக 4-க்கு வந்தது, 3-க்கு வந்தது, தெர்மாமீட்டர் 65 டிகிரியைத் தொட்டபோது 1.4 வோல்ட். அந்த வோல்ட்டேஜில் சிப்பைப் பொறுத்தவரை கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. டிரையரை நிறுத்தினேன், ஐந்து நிமிடத்தில் பழையபடி 4.27.

கணக்குப் போட்டால் சூட்டில் அந்தக் காலிலிருந்து கிட்டத்தட்ட 3.5 மைக்ரோ ஆம்பியர் கிரவுண்டுக்குக் கசிகிறது. ஒரு காலில் 1 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் கசியக் கூடாது என்று சிப் செய்யும் கம்பெனி தரும் விவரத்தாள், அதாவது டேட்டாஷீட், சொல்கிறது. இந்த மாதிரிக் கசிவு தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும், அதனால் நிழலில் ஒன்றும் தெரியாது, வெயிலில் மோட்டாரைக் கொன்றுவிடும்.

சிப் அங்கே போய்க் கெட்டதா, வரும்போதே கெட்டதா என்று தெரிய ஒரே வழி, அதே லாட்டில் மீந்தவற்றைப் பார்ப்பது. 2021 கடைசியில் சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது நினைவிருக்கும். வழக்கமான டிஸ்ட்ரிபியூட்டரிடம் இருப்பே இல்லை, சென்னையில் ஒரு கடைக்காரர் 50 இருக்கிறது என்றார், யோசிக்காமல் வாங்கிவிட்டேன். டியூபில் வரவில்லை, சாதாரண பிளாஸ்டிக் கவரில் கொட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் உரசலில் நிலைமின்சாரம் சேரும். அது நம் விரலில் சுருக்கென்று ஒரு பொறியாகத் தெரிய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 3,000 வோல்ட் வேண்டும், அதற்குக் கீழே நமக்குத் தெரியாமலேயே ஒரு காலின் பாதுகாப்பு டயோடு (அதிக வோல்ட்டேஜைத் திருப்பிவிட ஒவ்வொரு காலுக்கும் சிப்புக்குள்ளேயே இருப்பது) அரைகுறையாக அடிபட்டுப் போகலாம். அப்படி அடிபட்ட சிப் சாகாது, நொண்டிக்கொண்டே எல்லா வேலையும் செய்யும், அதுதான் ஆபத்து. முழுசாகச் செத்த சிப்பால் எனக்கு இதுவரை ஒரு பைசா நஷ்டம் வந்ததில்லை, போர்டு ஆன் ஆகாது, மாற்றிவிடுவேன்.

மீந்த 23 சிப்பையும் ஒவ்வொன்றாக ஹேர் டிரையர் காட்டிச் சோதித்தேன். நான்கில் ஏதாவது ஒரு கால் கசிந்தது. அந்த நான்கும் ஒரு நாள்கூட கரண்ட் பார்க்காதவை. ஆக, பிரச்சினை கிணற்றில் இல்லை.

அன்றிலிருந்து எந்தச் சிப்பும் சோதிக்காமல் போர்டுக்குப் போவதில்லை. ஜிஃப் சாக்கெட் என்று கைப்பிடி வைத்த சாக்கெட் கிடைக்கிறது, கைப்பிடியைத் தூக்கிச் சிப்பை வைத்து அழுத்தினால் போதும், கால் வளையாது. அதை ஒரு பொதுப் போர்டில் சால்டர் வைத்து நானே ஒரு சோதனை மேடை கட்டினேன். ஒரு சிப்புக்கு மூன்று நிமிடம் ஆகிறது.

முதலில் கண்ணால் பார்ப்பது. கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருந்தால், வளைத்து நிமிர்த்திய தடம் இருந்தால், எங்கிருந்தோ பிடுங்கியது. ஒரே கவரில் வந்தவற்றில் தேதிக் குறியீடு ஒரே மாதிரி இருந்தும் முதல் கால் பக்கத்துப் பள்ளத்தின் ஆழமும் அளவும் சிப்புக்குச் சிப்பு வேறாக இருந்தால் மேல்பக்கத்தைச் சுரண்டிப் புதிதாக அச்சடித்திருக்கலாம். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் கருப்பு ஒட்டிக்கொண்டு வரும். வராவிட்டால் நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம், அசிட்டோனுக்கு அசையாத பூச்சும் இருக்கிறது. 2010-இல் ஸ்பார்க்ஃபன் என்ற அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடைக்கே ஏடிமெகா 328 என்று அச்சடித்து உள்ளே வேறு எதுவோ இருந்த சிப்புகள் வந்து சேர்ந்தன, அவர்கள் அதைப் படத்தோடு வெளியே சொன்னார்கள்.

அடுத்து, கரண்ட் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்புக் கம்பியை 8-ஆம் காலான கிரவுண்டிலும் கருப்பை ஒவ்வொரு காலிலும் வைத்துப் பார்ப்பேன். 0.5, 0.6 என்று எல்லாக் காலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். 22-ஆம் காலும் கிரவுண்டுதான், அது மட்டும் 0 காட்டும். வேறு கால் 0 காட்டினால் ஷார்ட், ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அந்தக் காலுக்குப் போகும் இழை அறுந்திருக்கிறது. அப்புறம் கருப்பை விசிசி காலில், அதாவது சிப்புக்கு 5 வோல்ட் போகும் காலில், வைத்து சிவப்பை மற்ற கால்களில் வைத்து இன்னொரு சுற்று. இதில் முதல் கால், அதாவது ரீசெட், ஒன்றும் காட்டாது. 12 வோல்ட் கொடுத்துப் புரோகிராம் செய்யும் வழி அந்தக் காலில் இருப்பதால் விசிசி பக்க டயோடு அதில் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு நல்ல சிப்பை ஒதுக்கிவிடாதீர்கள், நான் முதல் நாள் ஆறு சிப்பை அப்படித்தான் ஒதுக்கினேன்.

இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விசிசி கால் உள்ளே அறுந்திருந்தாலும், சிப்பில் புரோகிராம் ஏற்றும் கருவியான புரோகிராமரின் கம்பிகளிலிருந்து டயோடு வழியாகக் கரண்ட் எடுத்துக்கொண்டு சிப் பதில் சொல்லிவிடும். நீங்கள் நல்லது என்று நினைத்து போர்டில் வைப்பீர்கள், அங்கே போய்த் தள்ளாடும்.

இப்போது 5 வோல்ட். பவர் சப்ளையில் கரண்ட் வரம்பை 50 மில்லி ஆம்பியரில் வைத்துக்கொள்ளுங்கள். புதுச் சிப் வரும்போது 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும், ஓரிரு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது, சும்மா இருக்கும்போதே 20 இழுத்தால் வேண்டாம். அப்புறம் ஏவிஆர்டியூட் என்ற மென்பொருளை வைத்துக் கையெழுத்தை, அதாவது சிப் தன்னை இன்னது என்று சொல்லும் குறியீட்டை, படிப்பது. 328பி என்றால் 1ஈ 95 0எஃப் என்று வர வேண்டும். 1ஈ 95 14 வந்தால் அது பி இல்லாத 328, போலி இல்லை, ஆனால் நீங்கள் காசு கொடுத்தது வேறு சாமானுக்கு. ஃபியூஸ், அதாவது சிப்பின் அடிப்படை அமைப்புகள், 62, டி9, எஃப்எஃப் என்றும், புரோகிராம் உட்காரும் ஃபிளாஷ் நினைவகம் முழுக்க எஃப்எஃப் என்றும் இருந்தால் யாரும் தொடாத சிப்.

என் லாட்டில் ஒன்று பதிலே சொல்லவில்லை. செத்தது என்று எடுத்து வைத்துவிட்டேன், பிறகு சந்தேகம் வந்து 9, 10-ஆம் கால்களில் சிப்புக்குத் தாளம் போட்டுக் கொடுக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலும் இரண்டு 22 பிகோ கெப்பாசிட்டரும் போட்டவுடன் பேச ஆரம்பித்தது. வெளிக் கிரிஸ்டல் கேட்கும்படி யாரோ ஃபியூஸை மாற்றி, உள்ளே 11 கிலோபைட்டுக்கு ஏதோ புரோகிராமும் எழுதியிருந்தார்கள். புதுசு என்று சொல்லி விற்ற சிப்! அதனால் சோதனை மேடையில் கிரிஸ்டலை நிரந்தரமாகவே வைத்துவிடுங்கள்.

ஃபிளாஷுக்கு ஏஏ, 55 என்று மாற்றி மாற்றி நிரப்பிப் படித்துப் பார்த்தால் போதும். 10,000 தடவை எழுதலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது, இரண்டு தடவை சோதிப்பதால் ஆயுள் குறையாது. தற்காலிக நினைவகமான ராமுக்கு மார்ச் சி என்ற சோதனையை (ஒவ்வொரு இடத்திலும் வரிசையாக எழுதிப் படித்துப் பார்ப்பது) அசெம்பிளியில் எழுதினேன், ஏனென்றால் 2,048 பைட்டையும் அழித்து அழித்து எழுதும்போது புரோகிராம் தன் குறிப்புகளை ராமில் வைக்கும் ஸ்டாக்குக்கு இடம் இருக்காது, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்களை மட்டும் வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். இதுவரை ராம் கெட்ட சிப் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை, இருந்தாலும் அரை நொடி வேலை என்பதால் ஓட விடுகிறேன்.

கடைசியில் நம் விஷயம், கசிவு. சிப்பின் எல்லாக் கால்களையும் இன்புட்டாக வைக்கும் ஒரு சின்னப் புரோகிராமை ஏற்றிவிட்டு, ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனையையும் மல்டிமீட்டரையும் ஒரே முள்ளில் கட்டி ஒவ்வொரு காலாகத் தொட்டுக்கொண்டு போவேன். 4.5-க்குக் கீழே இறங்கும் காலில் நின்று சூடு காட்டுவேன். பிறகு ரெசிஸ்டரை கிரவுண்டில் மாற்றிக் கட்டி இன்னொரு சுற்று, ஏனென்றால் விசிசி பக்கமிருந்தும் கசியலாம். கிரிஸ்டல், ரீசெட் கால்களில் அளவு வேறாக இருக்கும், நல்ல சிப் ஒன்றை வைத்து முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள்.

டிசைனிலும் என் தப்பு இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. 1 மெகா ஓம் ரொம்பப் பெரியது, 220 கிலோ ஓமுக்கு மாற்றிவிட்டேன். அதே 3.5 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலும் இப்போது 0.8 வோல்ட்தான் குறையும், மோட்டார் நின்றுவிடும். மழைக்காலத் தண்ணீரில் கரண்ட் குறைவாகத்தான் கடக்கும், அதிலும் கம்பி ஒழுங்காகப் படிக்கிறது.

அந்த 50-இல் பொள்ளாச்சிப் பெட்டியைத் தவிர 26 சிப் ஏற்கெனவே தோப்பிலும் வயலிலும் இருந்தன. இரண்டு வெள்ளாமைக்கு நடுவே ஆட்களைப் பிடித்து, சிலரிடம் நேரில் போய், சிலரை பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல்லி, எல்லாப் பெட்டியையும் வரவழைத்தோம். இரண்டு மாதம் ஆனது. மூன்றில் கசிவு இருந்தது, அதில் ஒன்று சரியாகக் கம்பிக் காலிலேயே. எல்லாவற்றிலும் ரெசிஸ்டரை மாற்றி, சிப்பைச் சோதித்து, மூடிக்குள் ஒவ்வொரு காலின் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினோம். கடைசியாக அந்தியூரிலிருந்து வந்த பெட்டி, ஆடி பிறந்து ஒரு வாரத்தில், ஒரு தேங்காய் மூட்டையோடு சேர்ந்து வந்தது. சிப்பைச் சாக்கெட்டில் வைத்து 65 டிகிரி சூட்டில் பார்த்தேன், எல்லாக் காலும் 4.5-க்கு மேலே.