என்கூ: பிளந்த மரத்தில் எழுந்த புத்தர்கள்

துறவி என்கூ செதுக்கிய சிலைகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பின்பக்கத்தை. முன்னால் சிரித்த முகம். பின்னால் பல சிலைகளில் பிளந்த மரம் பிளந்தபடியே இருக்கும்.

ஜப்பானின் மினோ பகுதியில் 1632-ல் பிறந்தவர், 1695-ல் மறைந்தார். சிற்பத்தைத் தாமே பழகிக்கொண்டவர் என்பார்கள். 1,20,000 சிலைகள் செய்ய நேர்ந்துகொண்டாராம். இன்று மிஞ்சியிருப்பவை 5,000-க்கும் மேல். அக்காலத்துக் கோயில் சிற்பிகள் பல கட்டைகளை இணைத்து, அரக்கு பூசி, பொன்தாள் ஒட்டினார்கள். இவருக்குக் கைக்கோடரியும் சில உளிகளும் போதும். பெரும்பாலும் பூச்சே கிடையாது.

கட்டையை அறுக்காமல் ஏன் பிளக்க வேண்டும்? ரம்பம் மரத்தின் நாரை அறுத்துக்கொண்டு போகும், பிளக்கும் ஆப்பு நாரின் போக்கிலேயே போகும். மரத்துக்குள் என்ன வடிவம் இருக்கிறது என்பதைப் பிளவுதான் காட்டிக்கொடுக்கும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. காயும்போது மரம் ஆரத்தின் திசையில் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சுற்றுவாக்கில் சுருங்கும். உருட்டுக்கட்டையை முழுசாக விட்டால் நெஞ்சுவரை, அதாவது மரத்தின் நடுமையம்வரை, வெடிப்பது அதனால்தான். நாலாகப் பிளந்து, நடு நெஞ்சை ஒரு விரற்கடை சீவிவிட்டால் அந்த வெடிப்பு பெரும்பாலும் வராது.

செய்து பார்க்க விரும்புவோர் 25 செ.மீ. விட்டம், 40 செ.மீ. நீளமுள்ள, கணு இல்லாத துண்டை எடுங்கள். கணு இருந்தால் ஆப்பு அங்கே திசைமாறும். என்கூ கையாண்ட ஹினோகி, சுகி என்ற ஜப்பானிய ஊசியிலை மரங்களில் நார் நேராக ஓடும். நம் வேம்பும் வாகையும் முறுக்கு நார், இந்த வேலைக்கு ஒத்துவராது, தேக்கு பரவாயில்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சீவுங்கள், எதிர்த்துச் சீவினால் சிராய் பெயர்ந்து மூக்கோடு போய்விடும். கண்ணுக்கு முதலில் நாருக்குக் குறுக்கே ஒரு வெட்டு, பிறகு அதை நோக்கி ஒரு சீவல். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். உளி விட்ட தட்டையான முகங்களில் வெளிச்சம் விழுந்துதான் அந்தச் சிரிப்பே வருகிறது.

செகி நகரின் கோகா ஆலயத்தில் ஒரே மரத்தைப் பிளந்து செய்த மூன்று சிலைகள் இருக்கின்றன. முகங்கள் உள்நோக்க அவற்றைச் சேர்த்து வைத்தால் மறுபடியும் அதே அடிமரம். மரமே புனிதம் என்று நம்பியவர் அதன் செதிலையும் வீசவில்லை. நகோயாவின் அரகோ கன்னோன் கோயிலில் இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டிச் சிலைகள் அப்படி மிஞ்சிய துண்டுகளில் செய்தவைதான். சில வெட்டுகளிலேயே கண், வாய், கூப்பிய கை மூன்றும் தெரியும்.