உள்நாட்டுப் போர ஆஃப் பண்ணிட்டு ஆடிப் பாத்தேன்

டோட்டல் வார்: ரோம் 2 கம்ப்யூட்டர் கேம்ல டிவைட் எட் இம்பெரா மாட் (ரசிகர்கள் கேம மாத்தி செஞ்ச வெர்ஷன்) போட்டு ஆடுறவங்க, நம்ம ராஜ்ஜியத்துக்குள்ள இருக்கிற கட்சி ஒண்ணு படையோட நமக்கு எதிரா பிரிஞ்சு போற இந்த உள்நாட்டுப் போர ஒரு தடவையாவது எப்படி ஆஃப் பண்றதுன்னு தேடியிருப்பாங்க. நானும் தேடினேன். செலூசிட் கேம்பெயின் (அலெக்சாண்டருக்கு அப்புறம் சிரியா, பாரசீகம் பக்கம் ஆண்ட கிரேக்க ராஜ்ஜியம்), எகிப்த ஆண்ட தாலமிகள ஒரு வழியா சிரியாவ விட்டே துரத்தியாச்சு, நல்ல படை மொத்தமும் தெக்க எகிப்து பக்கம் நிக்குது, டர்ன முடிச்சேன், பாத்தா கிழக்குல இருந்த ரெண்டு ஆர்மியும் வேற கலர்ல நிக்குது. நானே காசு கொட்டி சேத்து, சண்டை சண்டையா கூட்டிட்டுப் போய் வளத்து விட்ட ஃபேலன்க்ஸ் (நீள ஈட்டிப் படை), இப்ப என் ஊரையே முற்றுகை போடுது. மனசு விட்டுப் போச்சு.

மறுநாளே உள்நாட்டுப் போர நிறுத்துற ஒரு சப்மாட் (மெயின் மாடோட சேத்துப் போடுற குட்டி மாட்) எடுத்துப் போட்டேன். இத போடுறவங்க ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க, லோட் ஆர்டர்ல, அதாவது மாட் லிஸ்ட் வரிசைல, அது மெயின் மாடுக்கு மேல இருக்கணும், அப்புறம் மெயின் மாட் அப்டேட் ஆனா சப்மாடும் அதுக்கு ஏத்த வெர்ஷனான்னு பாக்கணும், இல்லன்னா கேம் ஓப்பன் ஆகும்போதே கிராஷ் ஆக வாய்ப்பு அதிகம். சேவ் ஃபைல ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டு செய்ங்க.

ஒரு 40 டர்ன் நிம்மதியாத்தான் போச்சு. அப்புறம் தான் கவனிச்சேன், நான் ஜெனரல் பேரையே படிக்கிறதில்ல. எவன் எந்தக் கட்சி, எவன் யாரோட மருமகன், எதுவும் தேவைப்படல, லிஸ்ட்ல மேல இருக்கிறவன எடுத்துப் படைக்குப் போட்டுட்டு போயிட்டே இருந்தேன். செலூசிட் ராஜ்ஜியம்னா அதுவா? கி.மு. 222-ல மீடியாவோட (இன்னைக்கு ஈரான்ல இருக்கு) சத்ரப், அதாவது மாகாண ஆளுநர், மோலோன் கலகம் பண்ணி தன்னையே ராஜான்னு சொல்லிக்கிட்டான், அனுப்புன தளபதிங்க எல்லாம் தோத்துப் போனாங்க, கடைசில 220-ல செலூசிட் ராஜா மூணாம் ஆன்டியோகஸ் நேர்லயே போய் நின்னப்ப, ராஜாவ கண்ணால பாத்ததுமே மோலோன் படையில ஒரு பக்கம் அப்படியே இந்தப் பக்கம் வந்துடுச்சு. அதே வருஷம் ஆசியா மைனர்ல (இன்னைக்கு துருக்கி) ராஜாவோட சொந்தக்காரன் அக்கேயஸ் கிரீடம் வெச்சுக்கிட்டான், சார்டிஸ் நகரத்துல அவன புடிக்க 213 ஆச்சு. அந்த சாம்ராஜ்யத்தோட தலைவலியே எதிரிய விட சொந்த ஆளுங்க தான், அத எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் மேப்புல கலர் அடிக்கிற வேலை.

அதனால மூணாவது கேம்பெயின்ல சப்மாட தூக்கிட்டேன். முன்னாடி எனக்குப் புரியாதது என்னன்னா, இது திடீர்னு நடக்குறதில்ல. 2017 கடைசில வந்த பவர் அண்ட் பாலிடிக்ஸ் அப்டேட்ல இருந்து ஒவ்வொரு கட்சிக்கும் விசுவாசம் தனி நம்பரா தெரியும், அது இறங்கி இறங்கித்தான் பிரிஞ்சு போவாங்க, நான் தான் அந்தப் பக்கத்தையே திறக்காம இருந்தேன். இப்ப நாலஞ்சு டர்னுக்கு ஒரு தடவ கண்டிப்பா திறக்குறேன். நம்பர் சரியுற கட்சிக்கு காசு செலவு பண்ணி விசுவாசத்த ஏத்துறது, நம்ம வீட்டுப் பொண்ண அந்தக் குடும்பத்துல கட்டிக் குடுக்குறது, இதெல்லாம் ஒரு புது ஆர்மி எடுக்குறத விட ரொம்ப சீப். நம்ம கட்சி செல்வாக்கையும் அளவா வெச்சுக்கணும், எல்லாத்தையும் நாமளே வாரிக்கிட்டா மத்தவங்க கொதிக்கத்தான் செய்வாங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், தூரத்துல தனியா நிக்குற பெரிய படைக்கு நம்ம கட்சி ஆளத்தான் போடணும். மத்த கட்சி ஜெனரலுங்க நம்ம படைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும், அவன் கையில நல்ல யூனிட் கம்மியா இருக்கட்டும். ஒரு கட்சிய எப்படியும் காப்பாத்த முடியாதுன்னு தெரிஞ்சா, அவன் ஆர்மிக்கு ரெண்டு பக்கமும் நம்ம ஆர்மிய கொண்டு வந்து நிறுத்திட்டு நாமளே சீண்டி விட்டுடலாம், அவன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி நாம குறிச்ச மாதிரி ஆச்சு.

பழைய கம்ப்யூட்டர்ல டர்ன் முடியவே ரொம்ப நேரம் எடுக்குது, சண்டை மட்டும் ஆடினா போதும்னு இருக்கிறவங்க தாராளமா ஆஃப் பண்ணிக்கோங்க, அதுல ஒரு தப்பும் இல்ல.

என் கேம்ல இப்ப கிழக்குக் கட்சியோட விசுவாசம் ரெண்டே டர்ன்ல பாதியா இறங்கியிருக்கு. அவங்க ஜெனரல் மீடியாவோட தலைநகர் எக்படானால இருக்கான், பேரு, வயசு, பொண்டாட்டி யாரு எல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம். இன்னைக்கு ராத்திரி ராஜாவையே படையோட அங்க கூட்டிட்டுப் போறேன்.