யோசித்துத்தான் கையை விட்டேன்

எனக்கு 16 வயதிருக்கும்போது ஒரு சரிவான சாலையில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தவன், பாதி வழியில் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். பின்னாலேயே நான்கு நண்பர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்பா அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்விதான்: "கொஞ்சமாவது யோசிச்சியாடா?" தலையைக் குனிந்துகொண்டு "இல்லப்பா" என்றேன்.

அது பொய். நன்றாகவே யோசித்தேன். சாலையில் வண்டி வருகிறதா, கீழே வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, விழுந்தால் எந்தப் பக்கம் மண், எந்தப் பக்கம் கல், எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து, விழ வாய்ப்பு குறைவு, விழாவிட்டால் கிடைக்கப்போகும் மரியாதையோ ரொம்பப் பெரிது என்று முடிவுகட்டித்தான் கையை எடுத்தேன். "யோசித்தேன்" என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு அடி கூடுதலாக விழுந்திருக்கும் என்பதால் "இல்லை" என்று சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது இது ஞாபகம் வரக் காரணம், வீட்டில் 15 வயதில் ஒரு வழக்கறிஞர் உருவாகிக்கொண்டிருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் படுக்கையறையில் போன் கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். அடுத்த நாள் பத்தரைக்கு மகள் ஹாலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "படுக்கையறையிலதானே கூடாதுன்னு சொன்னீங்க?" என்கிறாள். எரிச்சல் வந்தது உண்மை. ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே பெண்ணால் இப்படி ஒரு சட்டத்தின் வார்த்தையை அதன் நோக்கத்திலிருந்து பிரித்தெடுத்துப் பார்த்திருக்க முடியாது என்பதும் அப்போது உறைத்தது.

ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ஜான் பியாஜேயின் குழு பிள்ளைகளிடம் ஒரு ஊசலைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. கயிற்றின் நீளம், தொங்கும் எடை, எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறோம், எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோம், இவற்றில் எது ஊசல் ஆடும் வேகத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் நீளத்தையும் எடையையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டுக் குழம்புவார்கள். பதின்பருவத்தில்தான் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்துப் பார்க்கும் முறை பிடிபடுகிறது. "இப்படி இருந்தால் என்ன ஆகும்" என்று இல்லாத ஒன்றை மனதில் நிறுத்திப் பார்க்கும் திறமை அது. 11, 12 வயதில் இது தொடங்குகிறது என்றார் பியாஜே. எல்லாருக்கும் அதே வயதில், எல்லா விஷயத்திலும் வந்துவிடுவதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், அது நியாயமான திருத்தம்தான். ஆனால் என் வீட்டு விதிகளில் தினமும் ஓட்டை விழுவதற்குக் காரணம் இந்தத் திறமைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, இவ்வளவு நன்றாக யோசிக்கத் தெரிந்தவர்கள் ஏன் கையை விடுகிறார்கள்?

"டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு ஆபத்து புரியாது, நமக்கு எதுவும் ஆகாது என்று நினைக்கிறார்கள்" என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். எனக்கு இது ஒத்துவரவில்லை, ஆராய்ச்சிக்கும் அவ்வளவாக ஒத்துவரவில்லை. வேலரி ரெய்னா என்ற உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பல விஷயங்களில் பிள்ளைகள் ஆபத்தை உள்ளதைவிட அதிகமாகவே மதிப்பிடுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே, கிடைக்கப்போகும் லாபத்தோடு தராசில் வைத்து நிறுக்கிறார்கள். பெரியவர்கள் பல நேரம் நிறுப்பதே இல்லை. சுறா மீனோடு நீந்துவது நல்ல யோசனையா என்று ஒரு சோதனையில் கேட்டபோது, பெரியவர்கள் சட்டென்று 'இல்லை' என்றார்கள், பதின்பருவத்தினருக்கு அதே 'இல்லை'யைச் சொல்லக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது. வித்தியாசம் ஒரு விநாடிகூட இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கணக்கு ஓடுகிறது பாருங்கள், அதுதான் விஷயம். அனுபவப்பட்டவனுக்குக் கணக்கே வேண்டாம், வயிற்றில் ஒரு இறுக்கம் வந்துவிடும். ஆக, "யோசிச்சியா?" என்று நாம் கேட்கும்போது, ஏற்கனவே தேவைக்கு மேல் யோசித்த ஒருவரிடம்தான் பல நேரம் கேட்கிறோம்.

இன்னொரு பாதி, அந்த நான்கு நண்பர்கள். லாரன்ஸ் ஸ்டெய்ன்பெர்க்கும் மார்கோ கார்ட்னரும் 2005ல் வெளியிட்ட ஆய்வில் 13 வயதிலிருந்து பெரியவர்கள் வரை 306 பேரை ஒரு கார் விளையாட்டு விளையாட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாயோ அவ்வளவு புள்ளி, நேரத்துக்கு நிறுத்தாமல் மோதிவிட்டால் போச்சு. சிலர் தனியாக விளையாடினார்கள், சிலர் தன் வயதுக்காரர்கள் பக்கத்தில் இருக்க விளையாடினார்கள். ஆட்கள் பக்கத்தில் இருந்தால் துணிச்சல் கூடியது, அதுவும் சின்ன வயதினருக்குத்தான் மிக அதிகமாகக் கூடியது. தனியாக அந்தச் சரிவில் நான் எத்தனையோ முறை இறங்கியிருக்கிறேன். ஒருமுறைகூடக் கையை எடுக்கத் தோன்றியதில்லை.

மூளைக்குள் நடப்பது பற்றி இணையத்தில் எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். பரிசு, பாராட்டு, பரபரப்பு இவற்றுக்குத் துள்ளும் பகுதிகள் பருவமடையும் காலத்தில் கூர்மையாகின்றன. நெற்றிக்குப் பின்னால் இருந்து நிதானம் காக்கும் பகுதி மெதுவாக, இருபதுகளிலும்கூட, சீரமைந்துகொண்டிருக்கிறது. அதிகம் பயன்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன, மிச்சமுள்ள பாதைகளுக்கு உறை போர்த்தப்பட்டுச் செய்தி வேகமாக ஓடுகிறது. ஆனால் "25 வயதில் மூளை முழுமையடைகிறது" என்று ஏதோ பிறந்தநாள் கேக் வெட்டியதும் ஸ்விட்ச் போட்டது மாதிரி பகிர்கிறார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். அப்படி ஒரு தேதி கிடையாது.

எனக்கு உருப்படியாகத் தோன்றியது வேறொரு வித்தியாசம். 11 நாடுகளில் 5,000 பேருக்கு மேல் வைத்துச் செய்து 2019ல் வந்த ஆய்வு அது. அவசரம் இல்லாமல், உணர்ச்சி கொதிக்காமல் உட்கார்ந்து யோசிக்கும் திறமை சுமார் 16 வயதிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது, பின்விளைவை நினைத்து நிற்பது போன்றவை 18ஐயும் தாண்டித்தான் முதிர்கின்றன. மதியம் சாவகாசமாகப் பேசும்போது மகள் என்னைவிடத் தெளிவாக இருப்பதும், ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு தோழியின் மெசேஜுக்கு ஆறு வரியில் நெருப்பைக் கக்கிப் பதில் அனுப்பிவிட்டுக் காலையில் அழுவதும் முரண்பாடு இல்லை. (இரண்டாவது எனக்கும் 40 தாண்டிய பிறகு நடந்திருக்கிறது. அலுவலக வாட்ஸ்அப் குழுவில். அதை விடுங்கள்.)

இதைப் படித்த பிறகு அறிவுரை சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அவளுக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை, சொல்லும் நேரமும் தப்பு. அதற்குப் பதிலாக, மதியத்து மகளோடு உட்கார்ந்து ராத்திரி மகளுக்கு ஒரு ஒப்பந்தம் போட்டோம். எங்கேயாவது நண்பர்களோடு இருக்கும்போது கிளம்பிவிட வேண்டும் போல இருக்கிறது, ஆனால் அவர்கள் முன்னால் சொல்ல முடியவில்லை என்றால், எனக்கு ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் அனுப்ப வேண்டும். நான் உடனே போன் செய்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி கத்துவேன். வில்லன் நான், அவள் பாவம். வரைவை இரண்டு முறை திருத்தினாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் புள்ளி வந்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன் போல. "எங்கப்பா திட்டுறாரு, நான் கிளம்புறேன்" என்று அவள் யாரிடமோ சொல்வது கேட்டது. அப்புறம் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், வீட்டுக்கு வந்ததும் போய்ப் படுத்துவிட்டாள். என்ன நடந்தது, யார் யார் இருந்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது, இன்னும் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கேட்க முடியாது. புள்ளி வந்தால் அதற்கப்புறம் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது, இரண்டாவது திருத்தத்தில் அவள் சேர்த்தது.