சித்தப்பாவோட 22 அடி

எங்க சித்தப்பா காலேஜ்ல லாங் ஜம்ப்ல 21 அடி தாண்டினவரு. இது நான் அஞ்சாவது படிக்கும்போது கேட்டது. நான் காலேஜ் சேந்தப்ப அது இருபத்தொண்ணரையா வளந்திருந்துச்சு, என் கல்யாணத்துல பந்தி முடிஞ்சு வெத்தல போட்டுகிட்டே சொன்னப்ப 22. இப்ப அவருக்கு எழுபது தாண்டிருச்சு, முழங்கால் வலி, கோயில் படி ஏறணும்னா புடிச்சுக்க ஒரு ஆள் வேணும், ஆனா அந்த தாண்டு மட்டும் நல்லா தெம்பா இருக்கு.

போன சித்திரையில வலங்கைமான் பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். அக்கா பையனும் வந்திருந்தான். திருச்சியில காலேஜ் ரெண்டாம் வருஷம், ஸ்போர்ட்ஸ் கோட்டால சேந்தவன், அவனும் லாங் ஜம்ப்தான், பெஸ்ட் 6.90 மீட்டர். திண்ணையில உக்காந்து சித்தப்பா பழைய கதைய ஆரம்பிச்சதும் இவன் போன எடுத்து கணக்கு போட்டான். "22 அடின்னா 6.71 சின்னத் தாத்தா. நான் உங்கள விட 19 சென்டிமீட்டர் ஜாஸ்தி." அவ்ளோதான், சித்தப்பா முகத்தப் பாக்கணுமே. "டேய், நீ ரப்பர் மேல ஓடுற. நான் எது மேல ஓடுனேன்னு உங்க மாமாகிட்ட கேளு"ன்னு என்ன இழுத்து விட்டுட்டாரு.

சரி, அவரு எது மேல ஓடுனாருன்னு சொல்லிடுறேன். அவரு படிச்சது 1972-லேந்து 75 வரைக்கும். பாரதிதாசன் யுனிவர்சிட்டி வந்ததே 1982-லதான், அதனால அப்ப நம்ம பக்கத்து காலேஜெல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு கீழ. இவரு காலேஜ் கிரவுண்டு நம்ம டெல்டா களிமண்ணு, கோடையில கால் உள்ள போற அளவுக்கு வெடிச்சு கெடக்கும், ஐப்பசியில கால வச்சா செருப்போட புடிச்சுக்கும். மீட் வருதுன்னா பசங்களே மம்முட்டி எடுத்து தாண்டி விழுற குழிய வெட்டுவாங்க, குடமுருட்டியிலேந்து மாட்டு வண்டியில மணல் வரும். (இன்னைக்கு ஆத்து மணலுக்கு எங்க போறது, எம்-சாண்ட கொட்டி அதுல குதிக்க சொன்னா பின்னாடி தோலே மிஞ்சாது.) தாண்டுற பலகைக்கு பதிலா பனங்கட்டைய செதுக்கி மண்ணுக்கு சமமா பொதச்சிருப்பாங்களாம். வெறுங்கால். கோச்சுன்னு யாரும் கெடையாது, ஒரே ஒரு பி.டி. சார், அவருதான் வாலிபாலுக்கும் கபடிக்கும் ஹாக்கிக்கும் எல்லாத்துக்கும். காலையில 100 மீட்டர், வெயிலேறி லாங் ஜம்ப், மத்தியானம் ரிலே, சாயங்காலம் அதே காலோட கபடி. அப்ப கபடின்னா மூச்சு விடாம பாடிகிட்டே போகணும், பாட்டு அறுந்தா அவுட்டு. மருமகன்கிட்ட இத சொன்னா "30 செகண்ட் டைமர் இல்லையா?"ன்னு கேக்குறான்.

ஆதாரம்னு பாத்தா ஒண்ணுமில்ல. 77 நவம்பர் புயல்ல வீட்டுக் கூரையே போச்சு, சர்டிபிகேட்டெல்லாம் அதோட போச்சு. மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு, ஓரம் கரையான் அரிச்சது, அதுல பேரு இருக்கு, நீளம் தாண்டுதல்னு இருக்கு, முதலிடம்னு இருக்கு, எவ்ளோ தாண்டினாருங்கறது மட்டும் இல்ல! ஒரு தடவ அந்த காலேஜுக்கே போய் பழைய ரெஜிஸ்டர் எதாச்சும் இருக்கான்னு கேட்டேன். ஆபீஸ்ல இருந்தவரு என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு "சார், போன வருஷ ரெஜிஸ்டரே எங்க இருக்குன்னு தேடிகிட்டு இருக்கோம்"னாரு.

இந்த பழைய ஆள், புது ஆள் சண்டையில ஏதாச்சும் உருப்படியா பேசணும்னா எழுதி வச்ச ஆள் ஒருத்தர் வேணும், அதுக்கு எனக்குத் தெரிஞ்சு ஜெஸ்ஸி ஓவன்ஸ விட்டா ஆளே கெடையாது. அவரும் காலேஜ் பையன்தான், அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட். 1935 மே 25, ஆன் ஆர்பர்ங்கற ஊர்ல காலேஜ் மீட். மாடிப்படியில விழுந்து முதுகு புடிச்சுகிட்டு குனியவே முடியாம வந்தவரு, முக்கா மணி நேரத்துல மூணு உலக சாதனைய ஒடச்சு நாலாவத சமன் பண்ணிட்டாரு. லாங் ஜம்ப்ல அன்னைக்கு தாண்டினது ஒரே ஒரு தடவ. உலக சாதனை இருந்த எடத்துல ஒரு கைக்குட்டைய போட சொல்லிட்டு ஓடி வந்து தாண்டினாரு, 8.13 மீட்டர். அந்த 8.13 இருபத்தஞ்சு வருஷம் நின்னுச்சு. நம்ம ஊரு கணக்குல சொல்லணும்னா, ஒரு இந்தியன் 8.13-அ தாண்டுறதுக்கு 2016 ஆச்சு, அங்கித் சர்மா 8.19. எண்பத்தியொரு வருஷம்!

ஓவன்ஸுக்கு ஸ்காலர்ஷிப் கெடையாது, கறுப்பருங்கறதால காலேஜ் ஹாஸ்டல்லயும் எடமில்ல, லிப்ட் ஆபரேட்டர் வேல பாத்துதான் படிச்சாரு. ஓடுனது கரித்தூள் ட்ராக். ஓட்டம் ஆரம்பிக்கும்போது கால் ஊன்றி உதைக்குற ஸ்டார்ட்டிங் பிளாக் கெடையாது, மறு வருஷம் பெர்லின் ஒலிம்பிக்ஸ்ல கொத்தனார் கரண்டி மாதிரி ஒண்ண வச்சு கால் ஊன தானே குழி தோண்டிகிட்டாரு. நாலு தங்கம் வாங்கிட்டு வந்தும் காசுக்காக குதிரையோட ஓட்டப்பந்தயம் ஓட வேண்டியிருந்துச்சு. இப்ப அந்த ஊரு காலேஜ் பசங்க 2021-லேந்து சொந்த பேர வச்சு விளம்பரத்துல சம்பாரிக்கலாம். எங்க மருமகனுக்கு பீஸ் கெடையாது, மெஸ்ல ரெண்டு முட்டை எக்ஸ்ட்ரா, அவ்ளோதான்.

அவன் ஒத்துக்குவானா. "அதெல்லாம் சரி மாமா, மொத்தத்துல இப்ப லெவல் ஏறிடுச்சுல்ல"ன்னான். அதுவும் உண்மதான். 1974 டெஹ்ரான் ஏசியன் கேம்ஸ்ல டி.சி.யோஹன்னான் 8.07 தாண்டினத சித்தப்பா ரேடியோவுல கேட்டவரு, அத சொல்லும்போது இப்பவும் கைய காத்துல வீசுவாரு. அந்த 8.07-அ ஒரே ஒரு சென்டிமீட்டர் தாண்ட நமக்கு முப்பது வருஷம் புடிச்சுது. அப்புறம் 2023-ல பெல்லாரியில நம்ம தமிழ்நாட்டு ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.42. அதே வருஷம் ட்ரிபிள் ஜம்ப்ல பிரவீன் சித்திரவேல், நம்ம டெல்டா பையன், ஹவானாவுல 17.37, நேஷனல் ரெக்கார்டு. நல்ல ட்ராக்கு, நல்ல கோச்சு, நாலு வெளிநாட்டு மீட்டு கெடச்சா நம்ம பசங்களும் தாண்டுறாங்க, இதுல மந்திரமெல்லாம் ஒண்ணுமில்ல.

ஆனா லாங் ஜம்ப்ல ஒரு வேடிக்க இருக்கு, இத சொன்னப்ப மருமகன் கொஞ்ச நேரம் வாய தொறக்கல. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ்ல பாப் பீமன் 8.90 தாண்டினாரு. தூரத்த அளக்க வச்சிருந்த புது மிஷினு அந்த தூரம் வரைக்கும் போகவே இல்ல, பழைய இரும்பு டேப்ப தேடி எடுத்துட்டு வந்துதான் அளந்தாங்க. அது மலை மேல இருக்குற ஊரு, காத்து மெலிசு, பின்காத்தும் விதி அனுமதிக்கிற உச்ச அளவுல இருந்துச்சு, எல்லாம் ஒத்துக்குறேன். ஆனா 2024 பாரிஸ்ல தங்கம் வாங்கின தூரம் 8.48. உலக சாதனை 1991-ல மைக் பவெல் தாண்டின 8.95, இன்னும் அப்படியே இருக்கு. ஓட்டத்துல எத்தனையோ சாதனை ஒடஞ்சிருச்சு, இது அசைய மாட்டேங்குது. சித்தப்பா இதக் கேட்டுட்டு தானே பீமனுக்கு கோச்சா இருந்த மாதிரி ஒரு தலையாட்டல்.

என்ன கேட்டா, எங்க மருமகன் சித்தப்பாவ விட நல்ல ஜம்பர்தான், இத சித்தப்பா முன்னாடி சொல்ல மாட்டேன். அவன் மூணு வருஷமா இது ஒண்ணத்தத்தான் பண்றான், ஒவ்வொரு தாண்டையும் ஸ்லோ மோஷன்ல எடுத்து கடைசி ரெண்டு ஸ்டெப்ப திருப்பித் திருப்பி பாக்குறான். ஆனா அந்த 19 சென்டிமீட்டர்ல அவன் கால் தாண்டினது எவ்ளோ, ட்ராக்கும் ஸ்பைக்ஸும் (அடியில ஆணி வச்ச ஷூ) தாண்டினது எவ்ளோன்னு யாரு பிரிச்சு சொல்றது.

இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு அன்னைக்கு சாயங்காலமே மூணு பேரும் குடமுருட்டிக்கு போனோம். சித்திரையில ஆத்துல ஏது தண்ணி, மணல்தான். அவன் ஸ்பைக்ஸ் பைய தூக்குனான், சித்தப்பா "அத வச்சுட்டு வாடா"ன்னாரு. ஈர மணலா இருந்த எடத்துல காலால ஒரு கோடு கிழிச்சாரு. டேப்பு யாருகிட்டயும் இல்ல. அவரே கோட்டுல குதிகால வச்சு, பாதத்துக்கு முன்னாடி பாதமா, என் தோள புடிச்சுகிட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகிட்டே போனாரு. 22 வந்ததும் தோள்ல கெடந்த துண்ட எடுத்து மணல்ல போட்டு நாலு மூலையும் இழுத்து விட்டாரு.

பையன் வெறுங்கால்ல ஓடி வந்தான். பாதி தூரத்துலயே கால் பொதைய ஆரம்பிச்சுருச்சு, கோடு கிட்ட வரும்போது வேகமே இல்ல, தாண்டி துண்டுக்கு ஒரு முழம் முன்னாடி விழுந்தான். திருப்பி ஓடுனான், ஃபவுல். மூணாவது தடவ முதல் தடவய விட கம்மி. மூச்சு வாங்கிகிட்டே துண்டப் பாத்தான், சித்தப்பாவப் பாத்தான், ஒண்ணும் சொல்லல. சித்தப்பா துண்ட உதறி தோள்ல போட்டுகிட்டு "நாளைக்கு பாக்கலாம், வா, டீ குடிப்போம்"னாரு, பெருமைய அடக்க அவரு பட்ட பாடு இருக்கே.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில கால் கழுவிட்டு ஈரத்தோட சிமெண்ட் தரையில நடந்து உள்ள போனாரு. பாதம் அச்சா பதிஞ்சிருந்துச்சு. காயறதுக்குள்ள ஓடிப்போய் ஸ்கேல எடுத்துட்டு வந்து அளந்தேன். பத்தரை இஞ்ச். கணக்கு போட்டா அந்த துண்டு கெடந்தது 22 அடியில இல்ல, பத்தொம்பதேகால் அடியில.

இத நான் வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. மருமகன் இதெல்லாம் படிக்க மாட்டான், அவனுக்கு ரீல்ஸ்தான்.