கம்பெனி மாறும், பத்திரம் மாறாது

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இதுல எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி?" கையில் இரண்டு மூன்று லீஸ் பத்திரங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொகையை எழுதி வட்டம் போட்டிருப்பார்கள். கையெழுத்துப் போட்டால் ஏக்கருக்கு இவ்வளவு முன்பணம், அதாவது போனஸ், என்ற கணக்கு அது.

நான் வேலைக்குச் சேர்ந்தது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், தென்மேற்கு மூலையிலிருக்கும் ஃபயெட் கவுன்டியில். நிலத்தடியில் இருக்கும் கேஸை எடுக்கக் கம்பெனிக்கு உரிமை கொடுக்கும் பத்திரம்தான் கேஸ் லீஸ். அதை நிலக்காரர்களுக்குப் படித்து விளக்கிச் சொல்லும் சின்ன வக்கீல் அலுவலகம். நான் வக்கீல் இல்லை. கோர்ட் கட்டடத்துப் பத்திர அறையில் பழைய புத்தகங்களைப் புரட்டி வில்லங்கம் பார்ப்பதும், எல்லைகளை மேப்பில் ஏற்றுவதும்தான் என் வேலை.

திருவாரூர்ப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்த ஏற்பாடே விநோதமாக இருந்தது. எங்கள் பக்கம் வயலுக்கு நடுவே ஓ.என்.ஜி.சி. கிணறு உண்டு. ஆனால் அடியில் இருப்பதை யாருக்குக் கொடுப்பது என்று எந்த மிராசுதாரையும் யாரும் கேட்டதில்லை. லீஸ் கொடுப்பது அரசு, எடுத்ததன் மதிப்பில் ஒரு பங்கான ராயல்டி போவது மாநில அரசுக்கு. வயல்காரருக்குக் கிடைப்பது மேல்மண்ணைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு மட்டும். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்தபோதும் முடிவு கோட்டையில்தான் எடுக்கப்பட்டது. இங்கேயோ, பால்மாடு வைத்திருக்கிற ஒரு விவசாயி தன் சமையலறை மேசையில் நான்கு கம்பெனி ஏஜெண்டுகளை வரிசையாக உட்கார வைத்துப் பேரம் பேசுகிறார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பத்திரங்களைப் படிக்கப் படிக்க அந்தப் பொறாமை குறைந்தது.

இந்த கேஸ் லீஸ் அலை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து வாஷிங்டன் கவுன்டியில் ரேஞ்ச் ரிசோர்சஸ் கம்பெனி 2004-இல் ஒரு கிணற்றில் மார்சிலஸ் ஷேல் என்ற ஆழத்துப் பாறையை நீரழுத்தத்தால் உடைத்துப் பார்த்தது. கேஸ் வந்தது. 2008 தொடக்கத்தில் டெரி எங்கெல்டர், கேரி லாஷ் என்ற இரண்டு புவியியல் பேராசிரியர்கள் அந்தப் பாறைக்குள் எவ்வளவு கேஸ் இருக்கும் என்று மதிப்பீடு போட்டார்கள்: சுமார் 500 டிரில்லியன் கன அடி, அதில் எடுக்கக்கூடியது 50. அந்தக் கோடையில் கேஸ் விலையும் ஆயிரம் கன அடிக்கு 13 டாலரைத் தாண்டியது. அவ்வளவுதான், லேண்ட்மேன் என்று சொல்லப்படும் குத்தகை ஏஜெண்டுகள் ஊருக்குள் இறங்கிவிட்டார்கள். பத்திர அறையில் ஒரு புத்தகத்தை எடுக்கக் காத்து நிற்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குழந்தையின் கனம். இழுத்து மேசையில் போடுவதற்குள் அடுத்தவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார், நாம் எந்தப் பண்ணையைத் தேடுகிறோம் என்று.

அந்தப் பத்திரங்களில் நான் முதலில் கவனித்தது, தலைப்பில் இருக்கிற பெயரே பல நேரம் தோண்டப்போகிற கம்பெனியின் பெயர் இல்லை என்பதுதான். ஒரு புரோக்கர் நிறுவனம் தன் பெயரில் லீஸ் எழுதி, ஆயிரக்கணக்கான ஏக்கர் சேர்ந்த பிறகு மொத்தமாக வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும். மாற்றிக் கொடுக்க நிலக்காரரின் சம்மதம் தேவையில்லை என்று அச்சடித்த படிவத்திலேயே இருக்கும்.

எங்கள் பக்கம் அட்லஸ் எனர்ஜிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய. பிட்ஸ்பர்க்காரக் கம்பெனி, தெரிந்த பெயர். 2010 ஏப்ரலில் அதன் மார்சிலஸ் நிலங்களில் 40 சதவீதத்தை வாங்கியது யார் தெரியுமா? நம்ம ரிலையன்ஸ். அந்தச் செய்தி வந்த அன்று அலுவலகத்தில் என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், ஏதோ நான் அம்பானி வீட்டு ஆள் மாதிரி. அடுத்த வருடமே அட்லஸை செவ்ரான் வாங்கியது. 2020-இல் செவ்ரான் இந்தப் பகுதிச் சொத்துகளை ஈ.க்யூ.டி.-க்கு விற்றுவிட்டுப் போனது. 2021-இல் ரிலையன்ஸும் தன் பங்கை நார்தர்ன் ஆயில் அண்ட் கேஸுக்குக் கொடுத்து வெளியேறியது. நிலக்காரர் போட்டது ஒரே கையெழுத்து. அவர் தேர்ந்தெடுத்த கம்பெனி எதுவோ அது இப்போது இல்லை. அன்று எழுதிய பத்தி மட்டும் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது, புதிதாக வந்தவரையும் கட்டுப்படுத்துகிறது.

அதனால் "எது நல்ல கம்பெனி" என்று கேட்டால் எங்கள் வக்கீலம்மா பதில் சொல்லமாட்டார். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பிப்பார். அது எனக்கே மனப்பாடம். பலருடைய நிலத்தைச் சேர்த்துக் கிணறு போடும் தொகுப்பு யூனிட். 640 ஏக்கர் யூனிட்டில் உங்களுக்கு 80 ஏக்கர், அதாவது எட்டில் ஒரு பங்கு. கிணறு நாளைக்கு 40 லட்சம் கன அடி தருகிறது, ஆயிரம் கன அடி 3 டாலர் என்றால் 12,000 டாலர். உங்கள் பங்கு 1,500. பென்சில்வேனியாவில் 1979-ஆம் வருடச் சட்டப்படி ராயல்டி குறைந்தது எட்டில் ஒன்று, 12.5 சதவீதம், ஆகவே 187 டாலர் 50 சென்ட். ஆனால் கேஸைச் சுத்தம் செய்து, அழுத்தி, குழாயில் அனுப்பும் செலவு என்று ஆயிரம் கன அடிக்கு ஒரு டாலர் கழித்தால் கைக்கு வருவது 125. இதே இடத்தில் 18 சதவீதம், கழிவு எதுவும் கிடையாது என்று எழுதி வாங்கியிருந்தால் 270.

எதிரில் இருப்பவர் உடனே தன் வட்டத்தைக் காட்டுவார். "ஆனா இவங்க ஏக்கருக்கு 500 டாலர் அதிகம் தர்றாங்களே?" 80 ஏக்கருக்கு 40,000 டாலர். சின்னத் தொகை இல்லை. கூரை மாற்றலாம், டிராக்டர் கடனை அடைக்கலாம். ஷேல் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும் என்பதால் ஒரே கிணற்றில் அந்த வித்தியாசம் வேகமாகச் சரிக்கட்டாது என்பதையும் வக்கீலம்மா மறைக்காமல் சொல்வார். யூனிட்டில் இரண்டாவது, மூன்றாவது கிணறு வரும்போதுதான் சதவீதம் பேசும். கிணறே வராமல் போனால் போனஸ் எடுத்தவர்தான் கெட்டிக்காரர். இதில் யாரையும் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 75 வயதுக்காரர் முன்பணத்தைக் கேட்பதில் என்ன தப்பு?

செலவுக் கழிவு விஷயத்தில் மட்டும் வக்கீலம்மா விட்டுக்கொடுக்க மாட்டார். குறைந்தபட்ச ராயல்டி என்று சட்டம் சொல்கிறதே, அதற்குக் கீழே எப்படிக் கழிக்கலாம் என்று நிலக்காரர்கள் தொடுத்த கில்மர் வழக்கில், 2010-இல் மாநில உச்ச நீதிமன்றம் கழிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் கைகொடுக்காது, பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தால்தான் உண்டு என்று அன்றைக்கு உறுதியானது.

போனஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஏஜெண்ட் கையெழுத்து வாங்கிக்கொண்டு நீட்டுகிற தாள் பார்ப்பதற்கு செக் மாதிரியே இருக்கும். பேங்க் பெயர், தொகை, எல்லாம் பளிச்சென்று. கீழே பொடி எழுத்தில், வில்லங்கம் சரிபார்த்த பிறகு, 90 வங்கி நாட்களில் கொடுக்கப்படும் என்றிருக்கும். அதன் பெயர் டிராஃப்ட். 2008 இலையுதிர் காலத்தில் கேஸ் விலையும் கடன் சந்தையும் சேர்ந்து விழுந்தபோது பல மாநிலங்களில் இந்த டிராஃப்டுகள் பணமாகாமல் திரும்பின. எங்களிடமும் சிலர் கொண்டு வந்தார்கள். ஏஜெண்டின் செல்போன் அணைந்திருந்தது. அதற்கப்புறம் நாங்கள் சேர்த்த வரி: பணம் கணக்கில் ஏறும்வரை லீஸ் பதிவாகக் கூடாது.

தேர்வே இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பாட்டி மூன்று கம்பெனிகளின் கடிதங்களோடு வந்தார். பண்ணை 112 ஏக்கர், நல்ல இடம். கடிதங்களை வயலின் படத்தோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். நான் பத்திர அறைக்குப் போய்ப் பின்னோக்கித் தேடினேன். நிலக்கரி நூறு வருடத்துக்கு முன்பே, அதைச் சுட்டு உருக்காலைக்கான கோக் என்ற எரிபொருள் செய்யும் ஒரு கம்பெனிக்கு விற்கப்பட்டிருந்தது. இந்த ஊரில் அது சகஜம். நிலக்கரிக்குள்ளேயே இருக்கிற மீத்தேன் நிலக்கரிச் சொந்தக்காரருக்கே சேரும் என்று 1983-இல் தீர்ப்பே இருக்கிறது. மார்சிலஸ் அதற்கெல்லாம் வெகு கீழே, கவலையில்லை. ஆனால் இன்னும் இரண்டு புத்தகம் தள்ளி, அவருடைய மாமனார் போட்ட பழைய லீஸ் ஒன்று. ஏக்கருக்கு ஒரு டாலர். எந்த ஆழம் என்ற வரம்பு கிடையாது. "கேஸ் வந்துகொண்டிருக்கும் வரை" செல்லும்.

கேஸ் வந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன ஆழமில்லாத கிணறு. அதிலிருந்து வருடத்துக்கு 2 லட்சம் கன அடி இலவசமாக வீட்டுக்கு வரும். குளிர்காலம் முழுக்க ஹீட்டரும் அடுப்பும் அதில்தான். நாற்பது வருடமாக அதைத் தன் புகுந்த வீட்டின் பாக்கியமாக நினைத்திருந்தார். அந்தக் கிணறு ஓடுகிற வரை பழைய லீஸ் உயிரோடிருக்கிறது, 7,000 அடி ஆழத்து மார்சிலஸும் அதே ஒரு டாலருக்குள் அடக்கம். அதை வைத்திருக்கும் கம்பெனி பெரிய கம்பெனிக்கு விற்றால் லாபம் அதற்கு. பாட்டிக்குப் பழைய எட்டில் ஒரு பங்குதான்.

"அப்போ இந்த மூணு பேரும் எதுக்கு எழுதினாங்க?"

"உங்க பத்திரத்தை அவங்க இன்னும் பார்க்கலை அம்மா" என்றேன்.

புதிதாக லீஸ் போடுகிறவர்களுக்கு ஆழ வரம்பும், யூனிட்டுக்கு வெளியே இருக்கும் நிலத்தை விடுவிக்கும் ப்யூ பத்தியும் ஏன் வேண்டும் என்று விளக்க, பெயரைச் சொல்லாமல் அந்தப் பண்ணையைத்தான் இன்றும் உதாரணம் காட்டுகிறோம்.

சரி, நாலு கம்பெனி போட்டியிட்டால் விலை ஏறுமே, அதுவாவது நம் கையில் இருக்கிறதே என்று நினைப்போம். மிச்சிகனில் நடந்ததைப் பாருங்கள். 2010 மே மாத அரசு ஏலத்தில் ஏக்கருக்குச் சராசரி 1,500 டாலர் வாக்கில் போன நிலம், அக்டோபர் ஏலத்தில் ஐம்பது டாலருக்கும் கீழே வந்தது. செசபீக், என்கானா என்ற இரண்டு கேஸ் கம்பெனிகளும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதாக வழக்கு வந்து, இரண்டுமே பணம் கட்டிச் சமரசம் செய்தன. செசபீக் ஒதுக்கிய இழப்பீட்டு நிதி 2.5 கோடி டாலர். ஓக்லஹோமாவில் ஏலக் கூட்டு என்று செசபீக்கின் முன்னாள் தலைவர் ஆப்ரி மெக்லெண்டன் மீது 2016 மார்ச் 1-ஆம் தேதி குற்றப்பத்திரிகை வந்தது. மறுநாளே கார் விபத்தில் இறந்துபோனார், வழக்கும் நின்றுவிட்டது. வடகிழக்கு கவுன்டிகளில் நிலக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஒன்றாகச் சேர்த்து, தாங்களே ஒரு லீஸ் படிவம் எழுதி, "இதுக்கு யார் என்ன விலை?" என்று கேட்டது புத்திசாலித்தனம். அங்கே பத்திரம் முதலில் வந்தது, கம்பெனி அப்புறம்.

கம்பெனியைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து நிலங்கள் யார் கையில் இருக்கின்றன, அவர்களுக்கு அருகில் பைப்லைன் உண்டா, இதுவரை எத்தனை கிணறு தோண்டியிருக்கிறார்கள், அவற்றைச் சுற்றியுள்ள வீடுகளின் தண்ணீருக்கு என்ன ஆயிற்று, இவற்றை மேப்பில் போட்டுக் காட்டுவது என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. துண்டு துண்டாகச் சிதறிய நிலம் வைத்திருப்பவர் கைமாற்றப் போகிறார், கட்டாகச் சேர்த்திருப்பவர் தோண்டப் போகிறார் என்று மேப்பைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்போது தபாலில் வருகிற கடிதங்கள் வேறு மாதிரி. லீஸ் கேட்டு அல்ல, ராயல்டி உரிமையையே மொத்தமாக விலைக்குக் கேட்டு. கேள்வி மட்டும் மாறவில்லை: "எந்தக் கம்பெனிக்கு விக்கலாம்?" வக்கீலம்மா இப்போதும் பெயர் சொல்வதில்லை. 2013 சட்டத்துக்குப் பிறகு ராயல்டி ரசீதில் கழிவுகளைக் காட்டியாக வேண்டும் என்பதால், கடந்த இரண்டு வருட ரசீதுகளையும் லீஸின் நகலையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வரச் சொல்வார். பாதிப் பேரிடம் லீஸின் நகல் இருக்காது. அதைத் தேடி நான் பத்திர அறைக்குப் போவேன். அங்கேயும் பல நேரம் ஒரு பக்கச் சுருக்கம்தான் பதிவாகியிருக்கும். முழுப் பத்திரத்துக்குக் கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும், அதற்கு முதலில் இன்றைய தேதிக்கு அது எந்தக் கம்பெனி என்று கண்டுபிடிக்க வேண்டும்.