நூலால் கட்டிய புணை

1984ஆம் ஆண்டு, தமிழில் முதுகலைப் பட்டம் பெற்ற கையோடு, மதுரை மேலமாசி வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக, அதாவது அச்சாகும் முன் பிழை பார்ப்பவனாகச் சேர்ந்தேன். அங்கே அச்சானவை பெரும்பாலும் திருமண, காதணி விழா அழைப்பிதழ்களும் கருமாதிப் பத்திரிகைகளும்தாம். இலக்கியம் கல்லூரி மலர்கள் வரும் பருவத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

அப்படி வந்த மலர் ஒன்றின் முதல் பக்கத்தில், கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாடலின் 13 அடிகளையும் இட வேண்டியிருந்தது. அச்செழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி அதைக் கோத்த அண்ணன் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். முப்பது ஆண்டுகளாக அதே எழுத்துப் பெட்டிகளின் முன் நின்றுகொண்டே வேலை செய்தவர். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தும், 'புணை' என்ற சொல்லில் வரும் 'ணை'க்கு, யானைத் துதிக்கைபோல் சுழித்த பழைய வடிவத்தின் ஒற்றை அச்சு கிடந்த பெட்டி அறைக்கே அவர் விரல்கள் போய்விட்டன. நான் திருத்திக் கொடுத்ததும் சிரித்தபடி மாற்றிவிட்டு, "புணைன்னா என்ன தம்பி?" என்று கேட்டார்.

தெப்பம் என்றேன். மின்னலோடு மழை பெய்து, கற்களில் மோதி ஒலித்தோடும் பேராற்றில் நீரின் வழியே செல்லும் தெப்பம்போல உயிரும் முறையின் வழியே செல்லும் என்று விளக்கியதோடு நிறுத்தியிருக்கலாம். படித்த திமிரில், 'மெய்வருத்தக் கூலி தரும்' என்ற வள்ளுவரைப்போல இந்தப் புலவர் முயற்சிக்கு இடம் வைக்கவில்லை என்றும் சொல்லிவைத்தேன். அவர் அப்போது கோத்து முடித்த பக்கத்தைச் சுற்றி நூலை இறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுத் தளர்ந்தால், தூக்கும்போது பக்கம் முழுவதும் சிதறிப்போகும்.

"தெப்பம் தானாவா கட்டிக்கிரும்? யாராச்சும் கட்டுனாத்தானே தண்ணியில போகும்?"

புலவர் கருதியது அதுதான் என்று நான் வாதிட மாட்டேன். ஆனாலும் நான் தேர்வுக்காகப் படித்த உரைகளில் எனக்குத் தட்டுப்படாத ஒரு கேள்வி, மைபடிந்த விரல்களோடு நின்ற ஒருவரிடமிருந்து வந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

எல்லாரும் மேற்கோள் காட்டுகிற முதல் அடியைவிட, 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்ற கடைசி அடிதான் அதன்பின் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரியோரை வியத்தலும் இல்லை என்றவர், இகழ்தலை மறுக்கும்போது 'அதனினும்' என்று ஒரு படி கூடுதலாக அழுத்துகிறார். யாவரும் கேளிர் என்று சொல்வது எளிது. உறவுமுறையார் பெயர்களை வரிசை தவறாமல் அழைப்பிதழில் இடுவது எத்தனை கடினம் என்பது அச்சகத்தாருக்குத் தெரியும். தாய்மாமன் ஒருவர் பெயர் விடுபட்டதற்காக ஐந்நூறு அழைப்பிதழ்களை நாங்கள் மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்ததுண்டு.

மலர் அச்சானதும், அந்தப் பக்கத்தை மண்ணெண்ணெயில் கழுவி, நூலை அவிழ்த்து, எழுத்துகளை அவரவர் அறைக்கு அனுப்புவதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். 'கேளிர்' என்பதில் நின்ற 'ளி' மறுநாள் கள்ளிக்குடிக் காதணி விழா ஒன்றின் அழைப்பிதழுக்குப் போயிருக்கக்கூடும். அதன் மெய்ப்பை என் மேசையில் வைத்துவிட்டு, "மாமன்மார் பேரு மூணும் இருக்கான்னு மட்டும் நல்லாப் பாத்துருங்க தம்பி" என்றார்.