குறைந்த செலவில் குரல் செய்தி: விலைப் பட்டியலில் என்ன பார்க்க வேண்டும்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் கர்ப்பகாலக் குறிப்புகளை போனில் அனுப்பலாம் என்று பேச்சு வந்தால், எல்லோரும் முதலில் சொல்வது எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான், அதில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். இரும்புச்சத்து மாத்திரை போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள் என்பதைக் காரணத்தோடு சொல்ல அது போதாது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவும் இல்லை. பதிவு செய்த குரலைத் தானியங்கி அழைப்பில் கேட்கவைப்பது என்றால் பட்டன் போனே போதும், பேரணாம்பட்டில் உருதுவிலும் பதிவு செய்துகொள்ளலாம்.

சரி, செலவு. நிமிடத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், பல்ஸ், அதாவது அழைப்புக்குக் காசு கணக்கிடும் நேரத் துண்டு, எத்தனை வினாடி என்று கேளுங்கள். 60 வினாடி பல்ஸில் 65 வினாடி செய்திக்கு இரண்டு நிமிடக் காசு போகும், 15 வினாடி பல்ஸில் 75 வினாடிக்குத்தான் போகும். செய்தியை 58 வினாடிக்குள் சுருக்கிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது, சொந்த சர்வரா வாடகைச் சேவையா. சொந்த சர்வரிலிருந்து அழைக்க உதவும் ஆஸ்டரிஸ்க் இலவச மென்பொருள்தான், ஆனால் ஒரு பிஆர்ஐ லைனில் (பல அழைப்புகளைச் சேர்த்துக் கொண்டுபோகும் தொலைபேசி இணைப்பு) ஒரே நேரத்தில் 30 அழைப்புதான் போகும். மணி அடிப்பது, கேட்பது எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் மணிக்கு 900. பெண்கள் கொஞ்சம் ஓய்வாக இருக்கும் மாலை இரண்டு மணி நேரம் மட்டும் அழைத்தால் ஒரு நாளைக்கு 1,800, வாரம் முழுக்க அழைத்தாலும் 12,600. எடுக்காதவர்களை மறுபடி அழைக்க வேண்டுமே! 10,000 பேரைத் தாண்டினால் வாடகைச் சேவைதான் என் தேர்வு, ஏனென்றால் சர்வர் படுத்துவிட்டால் ஓடிவர ஆள் வேண்டும், அந்தச் சம்பளத்தை யாரும் கணக்கில் எழுதுவதே இல்லை.

பெரிய அளவில் இது நடக்கும் என்பதற்கு மத்திய அரசின் கில்காரி என்ற குரல் செய்தித் திட்டம் இருக்கிறது. கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்றாக 72 குரல் செய்திகள், பெண்களுக்குச் செலவில்லாமல்.

அப்புறம், யார் எத்தனை வினாடி கேட்டார்கள் என்ற கோப்பைத் தினமும் தருவார்களா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். ஐந்தே வினாடியில் துண்டித்த அழைப்புக்கும் காசு போகும். மொத்தச் செலவைக் கடைசிவரை கேட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுங்கள், மலிவு என்று நினைத்தது பல நேரம் அங்கேதான் மாறும்.